மறையூர்: மூணாறு போகிற வழியில் இறங்க வேண்டிய ஊர்

உடுமலையிலிருந்து மூணாறுக்குப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். மறையூரில் இறங்கியது ஒரே ஒரு தடவை, போன தை மாதம், அம்மாவோடு. இத்தனை வருஷம் ஏன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

உடுமலை பேருந்து நிலையத்தில் மூணாறு வண்டி ஏறினால் போதும். ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டியதும் சின்னாறு காடு. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் பச்சை இங்கே இல்லை. மழை மறைவுப் பகுதி என்பதால் முள் மரமும் வறண்ட புதருமாக, நம் பக்கத்துக் காடு போலவே இருக்கும். மறையூரை நெருங்கும்போதுதான் கரும்புத் தோட்டங்களும், வேலி போட்டுக் காக்கிற சந்தனக் காடும் தெரியும்.

முதலில் கோயில்கடவு போனோம். பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில். கேரளத்தில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் மூன்றே மூன்று. அதில் ஒன்று இந்தப் பாம்பாறு. நம் அமராவதிக்கு வருகிற தண்ணீர். அம்மா ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

கோயிலுக்குப் பக்கத்துப் பாறை மேட்டில்தான் முனியறைகள். நாலு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடியாக வைத்த பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். முனிவர்கள் தவம் செய்த அறை என்று ஊரில் சொல்கிறார்கள். ஒன்றின் உள்ளே குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். வெளியே பாறை சுட்டது, உள்ளே கல் ஜில்லென்று இருந்தது. அந்த மூடுகல்லை எத்தனை பேர் சேர்ந்து தூக்கியிருப்பார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பல அறைகள் சரிந்து கிடக்கின்றன. கற்களில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள், காலடியில் பாட்டில் சில்லு. எனக்கு வயிறு எரிந்தது. போகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கற்கள் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

அப்புறம் வெல்லம். தாத்தா ஊரில் ஆலை வைத்திருந்தவர். அம்மா ஆலைக்கொட்டகையில் வளர்ந்தவர். காந்தளூர் சாலையோரம் ஒரு கொட்டகையில் புகை தெரிந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டார். சக்கையை எரித்துத்தான் அடுப்பு. கொப்பரையில் பாகு கொப்புளம் விட்டு, மெதுவாகத் தடித்துக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரத்துல பதம் வந்துரும்" என்றார். துடுப்பு பிடித்திருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஆலக்காரங்களாம்மா?" என்றார். அங்கே தமிழ் பேச யாரும் தயங்குவதில்லை. பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு இருக்கும்போதே கையால் உருண்டை பிடிக்கிறார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் விரல் தடம் அப்படியே இருக்கும். நிறம் கரும்பழுப்பு, உப்புக் கரிப்பு இல்லை. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் வெல்லத்தையும் மறையூர் பெயரில் விற்கிறார்கள் என்பதால், கடைத்தெருவில் வாங்காமல் கொட்டகையிலேயே வாங்குங்கள். நாங்கள் மூன்று கிலோ வாங்கினோம்.

தங்கிய விடுதி மட்டும் சரியில்லை. சுடுதண்ணீர் உண்டு என்று சொல்லி முன்பணம் வாங்கியவர்கள், காலையில் ஒரு வாளிக்கு ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். வயதானவர்களோடு போனால் அறையைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

முனியறைப் பாறையில் நிழலே கிடையாது. காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர்களுக்குக் கடைசி ஏற்றம் கொஞ்சம் சிரமம். அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் ஏறினார். இறங்கும்போது, அடுத்த தடவை சித்தியையும் கூட்டிவர வேண்டும் என்றார்.