பழைய லேப்டாப்புக்கு விண்டோஸா, லினக்ஸா?

கோபிசெட்டிபாளையத்தில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் இருப்பது 2014-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, பழைய பிராசசர்களை ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற பெட்டியை எதற்குக் காயலான் கடைக்குப் போடுவது?

லினக்ஸ் என்பதும் விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் மென்பொருள்தான்; அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் போதும், 4 இருந்தால் வசதி. காசும் கொடுக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். வைஃபை உடனே பிடித்தது, பழைய பிரின்டரும் வேலை செய்தது, அப்புறம்தான் நிறுவினேன். ஈரோட்டு மஞ்சள் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆவதில்லை. தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக் கொடுத்தேன். "ஏங்கண்ணு, இது நம்ம பழைய பொட்டிதானா?" என்றார்.

திருப்பூர் மாமா கதை வேறு. பனியன் கம்பெனிக் கணக்கு முழுக்க டேலியில். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் சுற்றிவளைத்து ஓட்டலாம்தான், ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் நாளில் அந்த வம்பு வேண்டாம். அவரை விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப்பே வாங்கச் சொல்லிவிட்டேன்.