கிரே கோஸ்ட் கட்ட "அசல் ஜங்கிள் காக்" இறகு வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஸ்ட்ரீமர் ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டி, சின்ன மீன் போலச் செய்யும் போலி இரை) கட்டுகிற யாரும் ஆன்லைனில் "கிரே கோஸ்ட் முழு செட், அசல் ஜங்கிள் காக் இறகுடன்" என்று பார்த்ததும் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். எனக்கு வந்த செட்டில் இருந்தது ஏதோ கோழி இறகு, அதன் மேல் பெயின்ட்.

கிரே கோஸ்ட், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் உருவாக்கிய ஃப்ளை. 1924 ஜூலை 1-ஆம் தேதி அப்பர் டாம் என்ற இடத்தில், தன் கையால் கட்டிய ஸ்ட்ரீமரைப் போட்டு 6 பவுண்டு 13 அவுன்ஸ் புரூக் டிரவுட் மீன் பிடித்தவர் அவர். முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும் வைஸ் என்ற இடுக்கி கூட இல்லாமல், அதை விரலில் பிடித்தபடியே கட்டுவாராம். அங்கே ஏரிகளில் டிரவுட்டும் சால்மனும் ஸ்மெல்ட் என்ற சின்ன மீனைத் துரத்தித் தின்னும், இந்த ஃப்ளை அந்த ஸ்மெல்ட்டின் சாயல். ஆரஞ்சு ஃப்ளாஸ் நூலில் உடம்பு, டின்சல் என்ற வெள்ளி ஜரிகைச் சுற்று, ஆலிவ் கலந்த சாம்பல் நிறத்தில் நீள இறகுகள், தோளில் சில்வர் ஃபெசண்ட் பறவையின் இறகு, கடைசியாகக் கன்னத்தில் ஜங்கிள் காக். கண் மாதிரி தெரிவது அதுதான், அது போலியானால் முகமே போச்சு.

ஜங்கிள் காக் வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவல்தான். அதன் கழுத்து இறகின் நுனியில் வெள்ளையும் மஞ்சளும் மெழுகு வைத்தது போல் கெட்டியாக, பளபளப்பாக இருக்கும், நகத்தால் வருடினாலே தெரியும். எனக்கு வந்ததில் அந்தப் பொட்டு சொரசொரவென்று இருந்தது. ஃப்ளையின் தலைப்பகுதிக்குப் பூசும் லாக்கரில் (வார்னிஷ் மாதிரி) ஒரு சொட்டு பட்டதும் மஞ்சள் கரைந்து வெள்ளைக்குள் ஓடிவிட்டது! முள்ளும் கேட்ட நீளத்தில் இல்லை, அதனால் சிறகு முள்ளின் வளைவைத் தாண்டி எங்கேயோ நீண்டு நிற்கிறது.

விற்றவர்களிடம் கேட்டதற்கு "இயற்கைப் பொருள், கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்" என்றார்கள். அப்புறம் வற்புறுத்தியபோது, இந்தியக் காட்டிலிருந்தே வந்த இறகு என்று பதில் வந்தது, இதுதான் எனக்கு ரொம்பக் கோபம். அது உண்மையென்றால் இன்னும் மோசம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பறவையை வேட்டையாடுவதே குற்றம். முறையாக விற்பவர்கள் வளர்ப்புப் பறவைகளின் இறகைத்தான் விற்கிறார்கள், எங்கே வளர்த்தது என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். இறகோடு முழுக் கழுத்துத் தோல் நல்ல தரத்தில் நூறு டாலரைத் தாண்டும், அதனால் அடிமாட்டு விலைக்கு யாராவது கொடுத்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஓர் இறகில் மட்டும் லாக்கர் தொட்டுப் பாருங்கள். நிறம் கரைந்தால் அப்படியே படம் எடுத்து, புகாருக்கான கெடு முடிவதற்குள் கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள். எனக்குப் பணம் திரும்பி வந்தது அந்த வழியில்தான், கடைக்காரரிடமிருந்து ஒரு காசு வரவில்லை.