களனிக் கரையா, ஆயுங் பள்ளத்தாக்கா?

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல எங்களுக்கு வழுக்கியாறு ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மாரி மழைக்கு மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் போய் விழும். மற்றப்படி எல்லாம் கிணற்றுத் தண்ணீர். அதனாலோ என்னவோ, இரவு முழுக்க ஓடும் தண்ணீரின் சத்தம் கேட்கும் ஓர் அறைக்காக எவ்வளவு தூரமும் போவேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளும் இப்போது இதையேதான் கேட்கிறார்கள்: திருவிழா முடிய நாலு நாள் சனமில்லாத இடத்தில், ஆற்றோரம், வசதியாக இருக்க எங்கே போகலாம்? நான் தங்கிப் பார்த்தவை இரண்டு. ஒன்று களனி ஆற்றங்கரையில் கித்துல்கல. மற்றது பாலித் தீவில் உபுட் பக்கம் ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கு.

கண்டியில் மகாவலிக் கரையிலும் நல்ல விடுதிகள் உண்டு, எங்களுக்குக் கிட்டவும்கூட. ஆனால் அங்கே ஆறு அகலமாக, அமைதியாகப் போகிறது. காதில் விழுவது அக்கரை வீதியின் வாகனச் சத்தம். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது மாதம். ஓகஸ்டில் எங்களுக்கு வெயில் கொளுத்தும்போது கித்துல்கலவில் தென்மேற்குப் பருவமழை. இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. மழை விட்ட நேரத்தில் காட்டுக்குள் போனால் அட்டை காலில் ஏறும். பாலியில் அப்படியே மறுபக்கம்: ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. ஆகவே திருவிழா முடிந்த கையோடு போவதென்றால் பாலி, தைப்பொங்கலுக்குப் பிறகு என்றால் கித்துல்கல. இதை மாற்றிச் செய்துவிட்டு ஆற்றைக் குறை சொல்லக்கூடாது. ஓகஸ்டில் பாலியில் கூட்டமும் விலையும் கூடும் என்பதும் உண்மை.

இனி ஆறு. கித்துல்கலவில் தண்ணீருக்குக் கிட்டவே அறை கிடைக்கும். கல்லில் மோதி நுரைத்து ஓடும் ஆறு, சத்தம் விடிய விடிய ஓயாது. ஆனால் மேலே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் மின் நிலையங்களும் இருப்பதால் மழையே இல்லாமலும் நீர்மட்டம் சட்டென்று ஏறும். பிள்ளைகளை விடுதிக்காரர் காட்டும் இடம் தவிர வேறெங்கும் இறங்க விடாதீர்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கடல் தெரியும், ஆறு தெரியாது. ஓடும் தண்ணீர் காலை எப்படி இழுக்கும் என்று கீரிமலைக் கேணியில் பழகிய பிள்ளைக்கு விளங்காது.

ஆயுங் பள்ளத்தாக்கு வேறு மாதிரி. ஆழமான, செங்குத்தான பள்ளம். விடுதிகள் சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சயான் கிராமத்தில் 1998இல் திறந்த ஃபோர் சீசன்ஸில் மர உச்சி உயரத்தில் ஒரு பாலத்தால் நடந்து, கூரைமேல் இருக்கும் தாமரைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கீழே இறங்க வேண்டும். பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் சரிவில் கட்டினால் படிகள் வரும். நாங்கள் எடுத்தது அந்த ஊரில் வேறொரு விடுதி. படத்தில் ஆறு கால்மாட்டில் இருந்தது. போய்ப் பார்த்தால் எங்கள் அறை மேல்தட்டில், ஆறு தொலைவில் ஒரு முணுமுணுப்பு. கரைக்கு இறங்கிய அப்பா, முழங்கால் நோவோடு ஏறி வர அரை மணித்தியாலம் எடுத்தார். அதன்பிறகு அவர் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்.

ஆகவே பணம் கட்டமுதல் மூன்று கேள்வி கேளுங்கள். அறையிலிருந்து ஆற்றுக்கு எத்தனை படி? அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு எத்தனை படி? லிஃப்டோ சிறு வண்டியோ எதுவரை வரும்? நேரே பதில் எழுதாத விடுதிக்கு வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர் இரண்டு இடத்திலும் வாய் திறந்து சொல்ல வேண்டும். கித்துல்கலவில் சம்பலிலும் மரக்கறியிலும்கூட மாசிக் கருவாடு விழும். பாலியில் சம்பாலுக்குள் தெராசி என்ற இறால் விழுது இருக்கும். முன்கூட்டிச் சொன்னால் இரண்டு குசினியும் நன்றாகச் சமைத்துத் தருகிறார்கள். பாலியில் புளிக்க வைத்த சோயாக் கட்டியான தெம்பே, கித்துல்கலவில் தயிரும் கித்துள் பாணியும். அந்த ஊர்ப் பெயரே கித்துள் பனையால் வந்ததுதான். பனங்கட்டியோடு வளர்ந்த நாக்குக்கு அந்தப் பாணி அந்நியமாகத் தெரியாது.

பாலிக்கு என் மனம் சாய்வது ஒரு விடயத்தில். அங்கே பள்ளத்தாக்கும் வழிபாடும் பிரிக்க முடியாதவை. விடியற்காலையில் தென்னோலையில் பின்னிய சிறு தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்து, அறை வாசலிலும் ஆற்றுப் படியிலும் வைத்துவிட்டுப் போவார்கள். வயல்களுக்கு நீர் பங்கிடும் சுபாக் முறை கோயில்களோடு சேர்ந்தே நடக்கிறது. அதை 2012இல் யுனெஸ்கோ உலக மரபாக ஏற்றது. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்த ஊர்க்காரர் நாங்கள். அம்மா அதைக் கேட்டவுடன் விளங்கிக்கொண்டார்.

ஆனால் ஒதுக்கம் என்றால் எனக்குக் கித்துல்கலதான். உபுட்டில் பகலில் ரப்பர்ப் படகுகள் வரிசையாக ஆற்றில் போகும், எல்லோரும் கத்துவார்கள். கித்துல்கலவிலும் படகோட்டம் உண்டு, ஆனால் பின்னேரத்தோடு அடங்கிவிடும். அப்புறம் ஆறும் மகந்தாவக் காடும் மட்டும்தான். 1995இல் இந்த ஊர்க் காட்டில்தான் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட தனக்குத் தெரியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். அதைக் கண்ணால் காண அவருக்கு 2001 வரை ஆனது, அதுவும் சிங்கராஜாவில். அறிவியலுக்கே புதிய இனம். இரவில் விறாந்தைக் கதிரையில் இருந்து காது கொடுக்கும்போது அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

காசைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சயான் பக்கத்துப் பெரிய விடுதிகளில் ஓர் இரவுக்குப் பல நூறு டொலர். அதற்கு மேல் வரியும் சேவைக் கட்டணமுமாக வழக்கமாக 21 வீதம். தீவுக்குள் நுழைய ஆளுக்கு 150,000 ரூபியா, 2024 பெப்ரவரியிலிருந்து. விமானமும் கட்டுநாயக்கா போய், சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறித்தான். கித்துல்கலவுக்கு விடியப்புறம் வான் வண்டியில் ஏறி, ஏ-9 வீதியில் 321 கிலோமீற்றர் கண்டிக்கு, பிறகு கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாக இறங்கினால் பொழுதுபடப் போய்ச் சேரலாம். அறை விலை பாலியின் ஒரு சிறு பங்குதான், ஆனால் சொகுசும் அந்த அளவுதான். மெத்தை, குளியலறை, பணிவிடை எல்லாவற்றிலும் பாலி பல படி மேல்.

கலியாணம் முடித்த சோடி, நல்ல கால்கள், ஓகஸ்ட் மாதம்: யோசிக்காமல் ஆயுங் போங்கள். நான் வருகிற மாசியில் அம்மாவையும் அப்பாவையும் கித்துல்கலவுக்குக் கூட்டிப் போகிறேன். நிலமட்டத்தில், ஆற்றுப் பக்கம் யன்னல் வைத்த அறை. எட்டுப் படிதான் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.