ஊழியம் என்று சொல்லி நாவல் அச்சடித்துத் தருகிறவர்கள்: வடசென்னையில் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் சபை மாத இதழ்களில் கதை எழுதுகிறவர்களைத் தேடி ஒரு பதிப்பகத்தார் போன் செய்கிறார்கள். “சிஸ்டர், கர்த்தர் உங்க எழுத்தை எடுத்து உபயோகிக்கப் போறார்” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். என்னிடம் 85,000 ரூபாய் வாங்கினார்கள். 500 பிரதி தருவதாக ஒப்பந்தம். கைக்கு வந்தது 60. அந்த அறுபதிலும் இருப்பது நான் எழுதிய கதை இல்லை. புகார் போட்டிருப்பதால் அவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னார், போடவில்லை. ஆனால் இவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாற்றிக்கொண்டு வந்தாலும் அடையாளம் தெரியும்.

என் நாவல் எதைப் பற்றியது என்று தெரிந்தால்தான் அவர்கள் செய்த காரியத்தின் கனம் புரியும். நம்மிடம் கிறிஸ்தவக் கதை என்றால் சாட்சி, மிஷனரி வரலாறு, ஞாயிறு பள்ளி நாடகம், அவ்வளவுதான் என்ற எண்ணம் இருக்கிறது. எனக்கு சஸ்பென்ஸ் எழுத ஆசை. 2023-ல் கென்யாவின் ஷாகாஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று நம்ப வைக்கப்பட்டவர்களின் உடல்கள் 400-க்கும் மேல் தோண்டி எடுக்கப்பட்ட செய்தியைப் படித்தபோது இதுதான் கதை என்று தோன்றியது. அங்கிருந்து பின்னால் போய் 1978 நவம்பர் 18-ல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் மதக் குழு குடியிருந்த இடத்தில், நடந்ததைப் படித்தேன். 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். அதே நாள் காலையில், சும்மா வெளியே போய்வருகிறோம் என்பதுபோல் காட்டுக்குள் இறங்கி, ரயில் பாதையைப் பிடித்து நடந்தே பிழைத்த சிலரும் உண்டு. எனக்கு அவர்கள்தான் முக்கியமாகப் பட்டார்கள். சுவர் ஏறிக் குதித்துத் தப்பவில்லை, ஒரு சாதாரண சாக்குச் சொல்லித் தப்பியிருக்கிறார்கள்.

என் கதாநாயகி எஸ்தர் காசிமேட்டில் பிறந்து நர்ஸிங் படித்த பெண். பழவேற்காடு போகிற வழியில் சவுக்குத் தோப்புக்குள் ஒரு ‘கடைசிக்கால முகாம்’. உபவாச மாதம் என்று சொல்லி முதலில் போனை வாங்கி வைப்பார்கள், அப்புறம் ஆதார் அட்டையை. சனிக்கிழமை இரவு எல்லோரும் எழுந்து நின்று தங்கள் பாவங்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டுதான் முகாமின் பூட்டு. இது என் கற்பனை இல்லை. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1961-லேயே, மனிதர்களை மூளைச்சலவை செய்யும் இடங்களின் எட்டு அடையாளங்களில் ஒன்றாக இந்தக் கட்டாயப் பாவ அறிக்கையைச் சொல்லியிருக்கிறார். எஸ்தர் மீன் வண்டியின் காலி ஐஸ் பெட்டிக்குள் ஒளிந்து வெளியே வருகிறாள். போலீஸ் ஸ்டேஷனில் விடியவிடிய வாக்குமூலம் கொடுக்கிறாள். அதற்குப் பிறகு அவளால் ஜெபிக்க முடியவில்லை. கடைசி அத்தியாயத்தில் ராயபுரத்தில் ஒரு ஆலயத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறாள், பாட்டு கேட்கிறாள், அவ்வளவுதான். முகாமின் தலைவராக இருக்கும் அந்த மனுஷனை விட்டுவிட்டு ஆண்டவரை விடாமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்த வகைக் கதையின் உயிர். நான் அதிக நாள் உட்கார்ந்ததும் அந்த அத்தியாயத்தில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் ஸ்டாம்ப் பேப்பரில்தான் போட்டோம். 208 பக்கம், டெமி சைஸ், 70 ஜிஎஸ்எம் கனத்தில் மேப்லித்தோ தாள், 500 பிரதி, ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), சென்னை புத்தகக் காட்சியில் விற்பனை, முழு மெய்ப்பும் (அச்சுக்கு முன் திருத்திப் பார்க்கும் படி) எனக்கு வந்து நான் சம்மதித்த பிறகே அச்சு. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பணத்தை வங்கி வழியாகத்தான் கொடுத்தேன். மெய்ப்பு மட்டும் முதல் மூன்று அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. மீதி எங்கே என்றால், “கன்வென்ஷனுக்கு முன்னாடி வரணும் சிஸ்டர், நாங்க பார்த்துக்குறோம்” என்றார்கள். பார்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று மெயில் போட்டேன். பதிலுக்குப் புத்தகமே வந்துவிட்டது.

பார்சலைப் பிரித்ததும் பின்னட்டையைப் பார்த்தேன். சஸ்பென்ஸ் நாவல் ஐயா இது! முகாமுக்குள் எஸ்தருக்கு உதவுவதுபோல் நடித்துக் காட்டிக்கொடுக்கிறவர் யார் என்பது 170-ஆம் பக்கத்தில்தான் தெரிய வேண்டும். பின்னட்டையின் இரண்டாவது வரியிலேயே பெயரோடு போட்டிருந்தார்கள். இங்கே நான் அதைச் சொல்லப் போவதில்லை, என்றைக்காவது நீங்கள் உண்மையான கதையைப் படிப்பீர்கள் என்று ஒரு நப்பாசை. உள்ளே புரட்டினால் 11 பக்கத்துக்கு ஆசியுரை. எழுதிய போதகரை நான் பார்த்ததே இல்லை. அவரும் கதை முழுவதையும் சொல்லி, “இவ்வாறாக” என்று முடித்திருந்தார்.

இதெல்லாம் பரவாயில்லை என்று சொல்ல வைத்தது முடிவு. ஐஸ் பெட்டியைக் காணோம். நள்ளிரவில் ஒரு தூதன் வந்து கேட்டைத் திறக்கிறார். எஸ்தர் வெளியே போகிறாள், ஆனால் திரும்பி வருகிறாள். தலைவர் அழுது மனந்திரும்புகிறார். எஸ்தர் அவரை மன்னித்து, அதே முகாமில் ஊழியம் செய்யத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். ஸ்தோத்திரம், முற்றும். தப்பித்தவளைத் திருப்பிக் கொண்டுபோய் உள்ளே விட்டுவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் அத்தியாயம் மொத்தமும் போயிருந்தது. போனில் கேட்டேன். “விசுவாசிகள் போலீஸ், கோர்ட்னு போறதா எழுதினா தவறான சாட்சி சிஸ்டர்” என்றார் அங்கே எடிட்டர் என்று இருப்பவர். எந்த வசனம் பிரதர் என்றேன். 1 கொரிந்தியர் 6 என்றார், விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போவதைப் பவுல் கண்டிக்கும் இடம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் முகாம் தலைவர் வாயில் நான் வைத்திருந்ததும் அதே வசனம்தான், யாரும் வெளியே புகார் கொடுக்கக் கூடாது என்று மிரட்டும் இடத்தில். அந்த வரியையும் வெட்டியிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு மட்டும் தனியாக 6,000 ரூபாய் வாங்கினார்கள். இந்தியாவில் அந்த எண்ணுக்குக் கட்டணமே இல்லை. டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது, எழுத்தாளரே தன் பெயரிலும் விண்ணப்பிக்கலாம். கொடுத்த எண்ணாவது உண்மையா என்று பார்த்தோம். 13 இலக்கத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் வருகிற தொகை பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். எட்டாவது படிக்கிற என் மகன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டினான். 117 வந்தது. மறுபடி கூட்டச் சொன்னேன், அதே 117. ஆக அது ஐஎஸ்பிஎன் எண்ணே இல்லை. வேறு ஏதோ எண்ணில் ஒன்றிரண்டு இலக்கத்தை மாற்றி, மேலே பார்கோடு போட்டு அழகாக அச்சடித்திருக்கிறார்கள். உங்களிடம் இவர்கள் போட்ட புத்தகம் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

மீதி 440 பிரதி எங்கே என்பதற்கு ஒவ்வொரு முறை ஒவ்வொரு பதில். கன்வென்ஷனில் விற்கிறது, திருநெல்வேலிக்குப் போயிருக்கிறது, குடோனில் இருக்கிறது. நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பார்த்தேன். இவர்களுக்கு ஸ்டாலே கிடையாது. வேறு யாரோ ஒருவருடைய ஸ்டாலில், கீழ்த்தட்டில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே என் புத்தகம் இரண்டு பிரதி இருந்தது.

உண்மையைச் சொன்னது அச்சகத்துக்காரர். புத்தகத்தின் உரிமைப் பக்கத்திலேயே அச்சகத்தின் பெயர் இருந்தது. போய் நான்தான் இதை எழுதியவள் என்றதும் மனுஷர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, “பாருங்கம்மா, எழுத்து பளபளன்னு மேல நிக்குதா? இது டோனர். ஆஃப்செட் இல்ல” என்றார். அச்சு வேலையின் விவரம் எழுதி வைக்கும் ஜாப் கார்டை எடுத்துக் காட்டினார். 70 பிரதி. தாளும் 70 ஜிஎஸ்எம் இல்லை, 60. ஆஃப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே வந்துவிடும், பிரதி கூடக் கூட ஒரு புத்தகத்தின் அடக்கவிலை குறையும், அதனால்தான் 500 என்று பேசி விலை சொல்வார்கள். டோனரில் அச்சடிக்கும் டிஜிட்டலில் பத்து வேண்டுமானாலும் போடலாம், எழுபது வேண்டுமானாலும் போடலாம். 500-க்குப் பணம் வாங்கி 70 போடுவது இதனால்தான் இவ்வளவு சுலபமாகிறது. ஆண்டர்சன் தெருவில் தாள் விலை விசாரித்து, இன்னொரு அச்சகத்தில் இதே 208 பக்கத்துக்கு 500 பிரதி எவ்வளவு என்று கேட்டேன். நான் கொடுத்த பணத்தில் பாதி கூட இல்லை.

கணக்குக் கேட்டபோது வந்த பதில்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். பில் கேட்டால் ஒரு வசனம், குடோன் முகவரி கேட்டால் ஒரு ஜெபம். வாட்ஸாப்பில் பத்து நிமிட ஆடியோ அனுப்பி, என் ‘கசப்பின் ஆவி’ நீங்க வேண்டுமென்று ஜெபித்தார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும் மறுபடியும் 1 கொரிந்தியர் 6. கூடவே என் சபைப் போதகருக்கே போன் போட்டு, “உங்க விசுவாசி பிரிவினை உண்டாக்குறாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஐயா பழைய ஆள். பவுலே நியாயம் கேட்டு ரோமப் பேரரசரான இராயனிடத்தில் அபயமிட்டவர்தானே என்று அவர்களிடம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இது நடந்த பிறகு இன்னும் மூன்று பேர் என்னிடம் பேசினார்கள். வியாசர்பாடியில் ஒருவர் கவிதைத் தொகுப்பு, எண்ணூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை தன் வாழ்க்கைக் கதை. எல்லோருக்கும் அதே அறுபது எழுபது பிரதிதான், அதே ஆசியுரைப் போதகர்தான். மூன்றாமவர் வெளியே சொல்லவே பயப்படுகிறார், ஏனென்றால் ‘ஊழியத்துக்கு விரோதமாகப் பேசினால்’ என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு பட்டியலே சொல்லியிருக்கிறார்கள்.

சட்டத்தில் நமக்கு இருப்பதைச் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர்கள் ஆபீஸ் எங்கே இருந்தாலும் சரி. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். புத்தகம் போட்டது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று அந்தப் பக்கம் வாதிடப் பார்ப்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். கதையை வெட்டி மாற்றியது வேறு விஷயம். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 57-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமையை எழுத்தாளரிடமே விட்டுவைத்திருக்கிறது. அதற்கு சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், செலவும் காலமும் அதிகம். அந்த விஷயத்தில் நான் இப்போதைக்கு வக்கீல் நோட்டீஸோடு நிறுத்தியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்ற ஒரு வரி இருக்கும். என்னுடையதிலும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லை. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. ஆயுளுக்கும் அவர்களுக்குப் போகவில்லை என்பது ஆறுதல், ஆனால் அதுவரை என் முடிவோடு என் கதையை நானே வெளியிடுவதானால் அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். நீங்கள் பணம் கொடுத்து அச்சடிப்பதாக இருந்தால் உரிமையைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை, அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அச்சகத்தின் பில்லை நேராக உங்கள் பெயருக்கு வாங்குங்கள். கடைசி மெய்ப்பில், பின்னட்டையையும் சேர்த்து, பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். இதற்கெல்லாம் “நம்பிக்கை இல்லையா சிஸ்டர்?” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

என் புகாரில் அச்சகத்தின் ஜாப் கார்டு நகல், மகன் போட்ட ஐஎஸ்பிஎன் கணக்கு, மெயில்கள், அந்த ஜெப ஆடியோ எல்லாம் சேர்த்திருக்கிறேன். வியாசர்பாடிக்காரரும் எண்ணூர் ஆசிரியையும் தனித்தனியாகப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதே ஆட்களிடம் பணம் கொடுத்திருந்தால் நீங்களும் வங்கி ஸ்டேட்மெண்ட், ஒப்பந்தம், கைக்கு வந்த பிரதிகளின் எண்ணிக்கை மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் மாவட்ட ஆணையத்தில் கொடுங்கள். இரண்டு ஆண்டு முடியப் போகிறவர்கள் முதலில் ஓடுங்கள்.