பழைய சோறா, மஞ்சள் காப்சூலா? குடல் அழற்சிக்கு எது கைகொடுக்கும்

வீட்டில் ஒருவருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், க்ரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் அதிகம் காதில் விழுவது இரண்டு: பழைய சோறு, மஞ்சள் காப்சூல். நான் பழைய சோற்றின் பக்கம். ஆனாலும் ஆய்வு என்று பார்த்தால் காப்சூலுக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மருந்து சாப்பிட்டும் அடங்காத கொலைடிஸ் உள்ள 50 பேரைச் சேர்த்தார்கள். கூடவே தினமும் மஞ்சளின் சத்தான குர்குமின் 3 கிராம் எடுத்த 26 பேரில் 14 பேருக்கு ஒரே மாதத்தில் நோய் தணிந்தது. மருந்தில்லாத வெற்றுக் காப்சூல் எடுத்த 24 பேரில் ஒருவருக்கும் தணியவில்லை. நல்ல சேதிதான். ஆனால் அளவைக் கவனியுங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. அப்படியானால் 3 கிராமுக்கு 100 கிராம் தூள் வேண்டும். ரசத்தில் கூடுதலாகப் போடும் அரை ஸ்பூன் எந்த மூலைக்கு? தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த தில்லி எய்ம்ஸ் ஆய்விலும் பலன் தெரியவில்லை. அப்புறம், மிளகுச் சத்து சேர்த்த காப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பழைய சோற்றை நம்ம ஸ்டான்லி மருத்துவமனை டாக்டர்களே ஆய்வுக்கு எடுத்தார்கள். இரவு முழுக்க ஊறும்போது அதில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது. ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தும் கூடுகிறது, குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கு அதுதான் தீனி. காசும் செலவில்லை. அதற்காக மருந்துக்கு மாற்று என்று சொல்லமாட்டேன். நோய் தணிந்திருக்கும் நாட்களில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். வெயில் காலத்தில் மதியம் வரை வைக்கக் கூடாது. அசதியோபிரின் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரத்தமும் சளியுமாகப் போகும் நாட்களில் தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், பச்சை வெங்காயம் எதுவும் ஆகாது. அந்த நாட்களில் பாரிமுனையில் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவும் வேண்டாம்.

மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பணம் போடாதீர்கள். க்ரோன்ஸ் திரும்புவதை அது தடுக்கவில்லை என்று 2008இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தக் காசுக்குக் காசிமேட்டில் மத்தியோ சங்கராவோ வாங்கி, காரம் குறைத்துக் குழம்பு வையுங்கள். மெலிந்த உடம்புக்குப் புரதமாவது சேரும். நார்ச்சத்துள்ள இசப்கோல் உமி சில கொலைடிஸ்காரர்களுக்கு உதவும், குடல் சுருங்கியவர்களுக்கு அடைத்துக்கொள்ளும்.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மெசலமைனை மட்டும் நிறுத்தாதீர்கள். நோய் தணிந்த பிறகு அதை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு, மறுபடி கிளம்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் என்று 2003இலேயே கண்டிருக்கிறார்கள்.