குளிர்கால ஓய்வுக்குப் பிறகு படகு எஞ்சினில் தண்ணீர் சுற்றாவிட்டால்: பல ஆண்டு அனுபவம்

பல ஆண்டுகளாக ஒரே படகையும் அதிலுள்ள சிறிய டீசல் இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்திய) எஞ்சினையும் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் படகு கரையேறிவிடும். வசந்தத்தில் மீண்டும் தண்ணீரில் இறங்கும். இந்த எஞ்சினால் எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பகுதி எரிபொருளாலோ பேட்டரியாலோ வந்ததில்லை. குளிர்விக்கும் தண்ணீர்தான் காரணம். அதுவும் பெரும்பாலும் ஓய்வுக்குப் பின் முதன்முறை ஸ்டார்ட் செய்யும் நாளில்தான்.

ஸ்டார்ட் ஆனதும், புகையும் குளிர்வித்த தண்ணீரும் வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயைப் பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டுவிட்டுக் கொப்பளித்து வந்தால் நிம்மதி. வெறும் புகையும் வறண்ட சத்தமுமாக இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். கடல்நீரை உறிஞ்சித் தள்ளும் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீரைத் தவிர வேறு மசகு கிடையாது. வறட்சியில் ஒரு நிமிடம் ஓடினாலே அது கருகிக் கிழியலாம். இன்னொன்று: எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுற்ற வேண்டியிருந்தால் சீகாக்கை (கடல்நீர் உள்ளே வரும் வால்வு) மூடிக்கொள்ளுங்கள். பம்பு தள்ளும் தண்ணீரை வெளியேற்றப் புகையழுத்தம் இல்லாததால் அது எக்ஸாஸ்ட் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளரில் நிறைந்து, பின்வாங்கி, சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். பிடித்தவுடன் திறக்க மறக்கவும் கூடாது.

தண்ணீர் வரவில்லை என்றதும் எல்லோரும் இம்பெல்லரைத்தான் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்த இதழ்கள் அப்படியே மடங்கி இறுகிவிடும்; அடிப்பாகத்தில் மயிரிழை போல வெடிப்பு தெரியும். இதழ் ஒன்று குறைந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு வேலை முடியாது. உடைந்த துண்டு தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (எஞ்சின் வெப்பத்தைக் கடல்நீருக்கு மாற்றும் பகுதி) நுழைவாயிலில் அடைத்துக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்றி, எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை தேட வேண்டும்.

ஆனால் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, பம்புக்கு முன்னால் உள்ள உறிஞ்சு பக்கத்தைத்தான் யாரும் போதிய அளவு சந்தேகிப்பதில்லை என்பது. ஒரு வசந்தத்தில் தண்ணீர் பாதி அளவே வந்தது, கூடவே ஆவியும். இம்பெல்லர் புதியது, இதழ்கள் நன்றாக வளைந்து கொடுத்தன. சீகாக் முழுதும் திறந்திருந்தது. எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டு, பம்புக்கு முன் குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் கண்ணாடிக் கிண்ணத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடியின் விளிம்பிலிருந்து ஊசிமுனை அளவு குமிழ்கள் சரம்சரமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்தால், உருண்டையாக இருக்க வேண்டிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒருபக்கம் நாடா போலத் தட்டையாகியிருந்தது. பம்புக்கு முன்னால் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது தண்ணீர் கசியாது, காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். ஸ்ட்ரெய்னர் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் நிறுத்திய பிறகும் ஒரு சொட்டுகூட விழாது. அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை. புதிய ஓ-ரிங், கொஞ்சம் சிலிகான் கிரீஸ், அவ்வளவுதான். தண்ணீர் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அதே பகுதியில் உள்ள பழைய ஹோஸையும் அழுத்திப் பார்ப்பது நல்லது. சுவர் தளர்ந்த ஹோஸ், வேகம் கூடும்போது உறிஞ்சும் விசையில் உட்பக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய காரணமும் உண்டு. பக்கவாட்டில் நீர் பீறிடும் சிறு துளைக்குள் பூச்சிகள் கூடு கட்டியிருக்கும், அல்லது உப்பு இறுகியிருக்கும். மெல்லிய நைலான் இழையை உள்ளே விட்டுப் பார்த்த பிறகு பம்பைக் கழற்றலாம்.

சூடானதும் திறந்து தண்ணீரைச் சுற்றவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பதும் எளிது. தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். கடல்நீரே நேரடியாகச் சுற்றும் எஞ்சின்களில் அது பெரும்பாலும் 50–60 டிகிரி செல்சியஸில் திறக்கும். அதற்கு மேல் சூடானால் உப்பு வேகமாகப் படியும்.

இப்போது இலையுதிர்காலத்திலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறேன். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடையும், வார்ப்பிரும்பையும் பிளந்துவிடும். ஆகவே கடல்நீர்ப் பாதையை நன்னீரால் கழுவி, புரோப்பிலீன் கிளைகால் ஆன்டிஃப்ரீஸ் எக்ஸாஸ்டில் நிறமாக வரும்வரை செலுத்துகிறேன். பிறகு இம்பெல்லரைக் கழற்றிவிட்டு, ‘இம்பெல்லர் இல்லை’ என்று எழுதிய அட்டையை ஸ்டார்ட் சாவியில் கட்டிவிடுகிறேன். மற்ற உலோகங்களுக்குப் பதில் தான் அரிபட்டுக் கரையும், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் துத்தநாக ஆனோட் பாதி கரைந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுகிறேன்.

புகையோடு தண்ணீர் கலக்கும் வளைகுழாயான எக்ஸாஸ்ட் எல்போ ஒன்றுதான் இன்னும் கவலை. உள்ளே கரியும் துருவும் சேர்ந்து வழி குறுகிக்கொண்டே வருகிறது. மெதுவாக ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கிறது, வேகம் கூட்டினால் வெப்பமானி ஏறுகிறது. சுரண்டிச் சுத்தம் செய்த பின்னும் சுவர் மெலிந்திருப்பது தெரிகிறது. அடுத்த முறை படகு தண்ணீரில் இறங்கும்முன் புதியது மாட்டப் போகிறேன்.