ஸ்டெப்னி இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது: சின்ன காரில் சிஎன்ஜி மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

சின்ன காரின் டிக்கியில் சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) சிலிண்டர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை நான் போடப் போவதில்லை. பெயரைப் போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே வேலையை அதே மாதிரி செய்கிற பக்கத்துக் கடைக்குப் போய்விடுவோம்.

என் கார் 2016 மாடல், பெட்ரோல். நான்கு பேர் நன்றாக உட்காரலாம், ஐந்தாவது ஆள் முனகிக்கொண்டு உட்காரலாம். டிக்கி 200 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். உள்ளே விரிப்பைத் தூக்கினால் வட்டமாக ஒரு பள்ளம், அதில் ஸ்டெப்னி படுத்திருக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுவைக் கொக்கி எல்லாம் அதன் நடுவில் ஒரு தெர்மாகோல் தட்டில் அடங்கியிருக்கும். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்குத் தினமும் போய்வர 90 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. பெட்ரோல் விலை நூறைத் தாண்டியதிலிருந்து மாதக் கடைசியில் வீட்டில் ஒரே பேச்சுதான். சரி, சிஎன்ஜி போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

புறநகரில் ஒரு கடை. தெரிந்தவர் சொல்லி அனுப்பினார். 54,000 ரூபாய், ஒரே நாளில் வேலை முடியும் என்றார்கள். மைலேஜ், சர்வீஸ், பிக்கப் குறையுமா என்று எல்லோரும் கேட்கிற கேள்விகளை நானும் கேட்டேன். கடைசியாக, "ஸ்டெப்னி எங்கே போகும்?" என்றேன்.

"அது அதே இடத்துலதான் சார் இருக்கும். ஒண்ணும் மாறாது."

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

வண்டியை எடுக்கப் போனபோது மணி எட்டரை, மழை வேறு. டிக்கியைத் திறந்து காட்டினார்கள். சிலிண்டர் பளபளவென்று படுத்திருந்தது. அதைச் சுற்றிப் புது விரிப்பை அழகாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். "டூல்ஸ்?" என்று கேட்டதற்கு, சிலிண்டரின் பட்டையில் கட்டித் தொங்கவிட்டிருந்த ரெக்சின் பையைத் தட்டிக் காட்டினான் ஒரு பையன். தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது. இரும்புதானே என்று நினைத்துவிட்டேன். பையைத் திறந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன், பணத்தைக் கொடுத்தேன், வந்துவிட்டேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை, சொல்லியாக வேண்டும். செலவு நன்றாகவே குறைந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. அம்மா, மனைவி, நான். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முன்பக்க இடது டயர் போயிற்று. ஏதோ இரும்புத் தகடு பட்டு, டயரின் பக்கச் சுவர் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. டயர் தரையில் ஓடுகிற பாகத்தில் ஆணி குத்தியிருந்தால் ட்யூப்லெஸ் டயரை அங்கேயே அடைத்து ஓட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அதற்கு ஒட்டு கிடையாது. வீலை மாற்றியே தீர வேண்டும்.

டிக்கியைத் திறந்தேன். விரிப்பு வரவில்லை, பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பிய்த்து எடுத்தேன். கீழே பார்த்தால், ஸ்டெப்னி பள்ளத்துக்குக் குறுக்கே இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் சிலிண்டர், நான்கு மூலையிலும் போல்ட்டு. ஸ்டாண்டின் இடுக்கு வழியாக ஸ்டெப்னி தெரிகிறது. கையை விட்டால் டயரைத் தொடலாம். தொடலாம், அவ்வளவுதான்.

அதை வெளியே எடுக்க வேண்டுமானால் ஸ்டாண்டைக் கழற்றி, ஐம்பது அறுபது கிலோ சிலிண்டரைத் தூக்க வேண்டும். அதிலிருந்து எஞ்சின் வரை உயர் அழுத்தக் குழாய் போகிறது. கிளம்பும்போது முழுசாக நிரப்பியிருந்தேன், அதாவது அப்போது உள்ளே 200 பார் அழுத்தம். ஓடியது போக மிச்சமும் கொஞ்சமல்ல. கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்று நினைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். சாலையோரத்தில் யாரும் கை வைக்கக் கூடாத சமாச்சாரம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய குண்டை எதுக்குடா முதுகுல கட்டிக்கிட்டு ஓட்டுற?" என்றார்.

ரெக்சின் பையை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தேன். உள்ளே இருந்த வீல் ஸ்பேனர் 21 எம்எம். என் காரின் நட்டுக்கு வேண்டியது 19. பெரிய ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கி, அப்புறம் சரியான ஸ்பேனருக்கும் வராது. ஜாக்கி ஒன்று இருந்தது, ஆனால் என்னுடையது இல்லை. என் ஜாக்கியின் தலையில் ஒரு பிளவு இருக்கும், கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டு விளிம்பு அதில் பொருந்தி உட்காரும். இது தட்டைத் தலை, துருப்பிடித்தது, திருப்பும் கம்பியும் இல்லை. மிச்சம் இரண்டு பழைய ஸ்பேனர், ஒரு எண்ணெய்த் துணி. கலகல சத்தத்துக்காகவே போட்டு வைத்த மாதிரி இருந்தது. இழுவைக் கொக்கியைக் காணவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. சின்ன வெங்காயம் இறக்கிவிட்டுப் பெரம்பலூருக்கு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த பையன். "என்னண்ணே, ஸ்டெப்னி இல்லையா?"

"இருக்கு தம்பி. எடுக்க முடியல."

அவன் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டது தெரிந்தது. அவனுடைய ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து வந்து வீலைக் கழற்றினான். அம்மாவும் மனைவியும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்க, நான் வீலோடு அவன் வண்டியில் ஏறி பஞ்சர் கடை தேடிப் போனேன். மூன்றாவது கடையில்தான் என் அளவுக்கு, அதாவது 145/80 ஆர் 13க்கு, ஒரு பழைய டயர் கிடைத்தது. மாட்டுக்கூலியோடு 1,300 ரூபாய். திரும்பக் கொண்டுவந்து விட்டு, மாட்டியும் கொடுத்தான். ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்க மறுத்துவிட்டான். நாங்கள் வளைகாப்புக்குப் போய்ச் சேரவில்லை, கடைசிப் பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். முதலாளி பதறவே இல்லை. "நான்தான் சொன்னேனே சார், அதே இடத்துல இருக்கும்னு. இருக்குதா இல்லையா?" என்றார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.

அடுத்து சட்டம் பேசினார். "இப்பல்லாம் ஸ்டெப்னியே வேணாம்னு கவர்மென்ட்டே சொல்லிடுச்சு சார்." இதைப் பல கடைகளில் சொல்கிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது உண்மை, அந்த அக்டோபரில் அமலுக்கும் வந்தது. ஆனால் எல்லா வண்டிக்கும் ஸ்டெப்னி வேண்டாம் என்று அது சொல்லவில்லை. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், ட்யூப்லெஸ் டயரும், பஞ்சர் அடைக்கும் கிட்டும் சேர்த்துத் தரப்படுகிற சிறிய பயணிகள் வாகனங்களுக்குத்தான் அந்த விலக்கு. என் 2016 வண்டியில் எச்சரிக்கைக் கருவியும் இல்லை, கிட்டும் இல்லை. இருந்திருந்தாலும் பக்கச் சுவர்க் கிழிசலுக்கு அந்தக் கிட் உதவியிருக்காது.

ஸ்டெப்னி என்ற பெயரே ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் இந்த உபரிச் சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் கார்களை ஸ்டெப்னி இல்லாமல்தான் விற்றார்கள். 54,000 ரூபாய் கொடுத்து நான் 1904க்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

டூல்ஸ் பற்றிக் கேட்டதற்கு, "உங்க வண்டில வந்ததே அதுதான் சார், நாங்க எதுக்கு எடுக்கப் போறோம்?" என்றார். என்னிடம் போட்டோ இல்லை. வண்டியை விடும்போது டிக்கியை ஒரு படம் எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்காது.

அந்தக் கடையில் இனி கை வைக்க விடுவதில்லை என்று எங்கள் ஊரிலேயே வேறு மெக்கானிக்கிடம் போனேன். சிலிண்டரில் கேஸ் தீரும்வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் வால்வை மூடிவிட்டு ஸ்டாண்டைக் கழற்றினார். இதற்குப் பிறகு பார்த்ததுதான் எனக்கு உண்மையில் பயத்தைக் கொடுத்தது.

போல்ட்டு போடுவதற்காகப் பள்ளத்தின் சரிவிலேயே துளை போட்டிருந்தார்கள். துளைக்குப் பெயின்டும் இல்லை, நீர் கசியாமல் அடைப்பும் இல்லை. மழைத் தண்ணீர் இரண்டு விரல் ஆழம் தேங்கி, சுற்றிலும் துரு. ஒரு போல்ட்டின் நுனி நீட்டிக்கொண்டு ஸ்டெப்னி டயரிலேயே குத்தி உரசியிருந்தது. காற்றைப் பார்த்தால் 11 பிஎஸ்ஐ. ஆக, நெடுஞ்சாலையில் எப்படியோ அதை வெளியே எடுத்திருந்தாலும் மாட்டி ஓட்டியிருக்க முடியாது. அதைவிட மோசம், அவ்வளவு கனமான சிலிண்டரைத் தாங்கும் போல்ட்டுகளுக்கு அடியில் அகலமான தகடு கொடுக்காமல், காசு அகலத்துக்கு வாஷர் போட்டு மெல்லிய தரைத் தகட்டில் முறுக்கியிருந்தார்கள். "பின்னாடி யாராவது இடிச்சா இது எங்க போகும்னு நினைச்சீங்க?" என்று கேட்டார் மெக்கானிக். நான் பதில் சொல்லவில்லை. பின் இருக்கையில் உட்காருவது அம்மா.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. "ஆர்டிஓ வேலை நாங்க பாத்துக்கறோம்" என்றவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. என் ஆர்சியில் இன்னும் பெட்ரோல் என்றே இருந்தது. எரிபொருள் மாற்றம் ஆர்சியில் ஏறாமல், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்காமல் ஓட்டினால், விபத்து நடந்த அன்று க்ளெய்ம் கிடைக்காமல் போகலாம். சிலிண்டரின் சான்றிதழை மட்டும் கேட்டு வாங்கியிருந்தேன், அந்த மட்டில் பிழைத்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும், அதற்கு அந்தத் தாள் வேண்டும்.

மறுவேலைக்கு 4,500 ஆயிற்று. சிலிண்டரைச் சீட்டின் முதுகோடு நெருக்கி, ஸ்டாண்டுக்கு அடியில் சரியான தகடு கொடுத்து, பழைய துளைகளை அடைத்தார். பள்ளத்தைச் சிலிண்டர் பாதி மறைத்துவிடுவதால் ஸ்டெப்னி அங்கே படுக்காது. அதை ஓரமாக நெட்டுக்குத்தலாக நிறுத்தி, நடுத்துளையில் கொக்கி போல்ட்டு விட்டு, கையாலேயே திருகும் விங் நட்டால் இறுக்கினார். சும்மா சாய்த்து வைக்கக் கூடாதா என்று கேட்டேன். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் சக்கரம் சடன் பிரேக்கில் எங்கே போய் விழும் என்று திருப்பிக் கேட்டார். கம்பெனியே சிஎன்ஜி வைத்து விற்கும் சில சின்ன கார்களிலும் ஸ்டெப்னி இப்படித்தான் நிற்கிறது. டாடா 2023இல் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் வைத்ததும் இந்த இடப் பஞ்சத்தால்தான். புதுக் கார் வாங்குபவர்கள் அதையெல்லாம் பார்த்து வாங்கலாம். என்னைப் போலப் பழைய காரில் மாட்டுகிறவர்களுக்கு ஒரு சூட்கேஸ் இடம் போவது போனதுதான். என் டிக்கியில் இப்போது ஒரு ஸ்கூல் பையும் தண்ணீர் கேனும் வைக்கலாம்.

நீங்கள் மாட்டப் போகிறீர்கள் என்றால், ஸ்டெப்னி எங்கே இருக்கும் என்று கேட்காதீர்கள், எப்படி எடுப்பது என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் வண்டியை எடுக்கப் போங்கள். பணம் கைமாறுவதற்கு முன், கடைப் பையனை விட்டு அல்ல, உங்கள் கையாலேயே ஸ்டெப்னியை வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள். உங்கள் ஸ்பேனரை உங்கள் நட்டில் போட்டுப் பாருங்கள். ஜாக்கியை ஒரு சுற்றாவது சுற்றுங்கள். காற்றை எப்படிப் பிடிப்பது என்றும் பாருங்கள், வால்வு சிலிண்டர் பக்கம் திரும்பியிருந்தால் பம்புக் குழாய் எட்டாது. வண்டியை விடும்போதே டூல்ஸை வீட்டில் எடுத்து வைத்துவிடுவது இன்னும் நல்லது. துண்டுச் சீட்டில் பில் வாங்காதீர்கள். நான் வாங்கியது துண்டுச் சீட்டுதான்.

அந்தத் துண்டுச் சீட்டையும், மெக்கானிக் கழற்றும்போது எடுத்த படங்களையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போவதாகக் கடைக்கும் ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் கடிதத்தில் எழுதியிருந்தேன். பத்து நாள் கழித்து முதலாளியே போன் செய்தார். 6,000 ரூபாய் திரும்பக் கொடுத்தார், ஆர்சி வேலையையும் முடித்துக் கொடுத்தார். என் ஜாக்கியும் 19 ஸ்பேனரும்கூட, "தேடிப் பாத்தோம் சார், கெடச்சுது" என்று செய்தித்தாளில் சுற்றி வந்து சேர்ந்தன. இழுவைக் கொக்கி மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம்.